இலவசப் பியானோவை யார் எடுத்துப் போவார்?

கேள்வி இதுதான்: "வடமேற்கு லண்டனில் போன வருடம் வீடு வாங்கினோம். முன்னறையில் ஒரு பழைய பியானோவை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூடியில் 'ஜான் பிரின்ஸ்மெட்' என்று பொன் எழுத்தில் இருக்கிறது. நான்கு மாதமாக 'இலவசம், வந்து எடுத்துக்கொள்ளவும்' என்று விளம்பரம் போட்டும் ஒருவரும் வரவில்லை. உடைத்துப் போடலாம் என்கிறார் கணவர். வீணை மாதிரி சரஸ்வதி குடியிருக்கிற பொருள், எனக்கு மனசு வரவில்லை. ஊரில் ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கப்பலில் அனுப்பிவிடலாமா அண்ணா?"

உங்கள் மனசு புரிகிறது. இருபது வருடமாக இந்த ஊரில் பியானோவுக்கு ஸ்ருதி சேர்த்துப் பிழைக்கிறவன் நான். உங்கள் விளம்பரத்தில் கோளாறே அந்த 'இலவசம்' என்கிற வார்த்தைதான். பியானோ என்பது விலை கொடுக்காமல் கிடைத்தாலும் செலவில்லாமல் வருவதில்லை. தரைத்தளத்திலிருந்து தரைத்தளத்துக்கு, பக்கத்து ஊர்தான் என்றாலும், பியானோ தூக்குகிறவர்கள் ஏறக்குறைய இருநூறு பவுண்டு கேட்பார்கள். மாடிப்படி இருந்தால் அதற்கு மேல். போய்ச் சேர்ந்ததும் ஸ்ருதி சேர்க்க எண்பது, நூறு. இது தெரிந்தவர்கள் விளம்பரத்தைப் பார்த்ததும் "என்ன வருடம், உள்ளே எப்படி இருக்கிறது" என்று யோசிப்பார்கள். பதில் இல்லையென்றால் நகர்ந்துவிடுவார்கள். தெரியாதவர்கள்தான் ஓடி வந்து எடுப்பார்கள். அவர்கள் கையில் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே ஒரு சாட்சி.

தொழிலுக்கு வந்த புதிது. ஒரு வாடிக்கையாளர் வீட்டைக் காலி செய்தார். அவருடைய பாட்டி காலத்துப் பியானோவை "யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்றார். ஈஸ்ட் ஹாமில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம். பெண் அப்போதுதான் முதல் கிரேடு ஆரம்பித்திருந்தாள். புண்ணியம் கட்டிக்கொள்கிறேன் என்று நினைத்து நானே வண்டி பிடித்துக் கொண்டுபோய் இறக்கினேன். ஸ்ருதி சேர்த்தேன். மூன்று வாரத்தில் இறங்கிவிட்டது. மறுபடி சேர்த்தேன், மறுபடி இறங்கியது. ட்யூனிங் பின்கள் பிடிப்பு விட்டுப் போயிருந்தன. வீணையில் பிரடை வழுக்கினால் எப்படியோ அப்படித்தான். வீணையில் அது ஏழு. இங்கே இருநூற்றுக்கு மேல். அந்தப் பெண் வீட்டில் கேட்ட ஸ்வரம் ஒன்று, டீச்சர் வீட்டில் கேட்டது வேறு. "பிள்ளைக்கு ஸ்ருதி ஞானமே இல்லை" என்று அம்மா என்னிடமே வருத்தப்பட்டார். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, குறையைக் கொண்டுபோய் இறக்கியவன் நான். ஒரு வருடம் கழித்து அவர்கள் கைக்காசு போட்டு அதை அப்புறப்படுத்தினார்கள். பெண் பியானோவையே விட்டுவிட்டாள்.

அதனால் நான் இப்போது யாரிடமும் சொல்வது இதுதான். முதலில் அது இன்னும் பியானோவாக இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறதென்றால், உடைத்து அகற்ற நீங்கள் செலவு செய்ய இருந்த பணத்தை, எடுத்துப்போகிறவருக்கு வண்டிச் செலவாகக் கொடுங்கள். 'இலவசம்' என்பதற்குப் பதில் 'உங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கி, ஒரு முறை ஸ்ருதியும் சேர்த்துத் தருகிறோம்' என்று போட்டுப் பாருங்கள். நான்கு மாதம் வராத ஆள் நான்கு நாளில் வருவார்.

ஏன் இத்தனை பியானோ தெருவில் நிற்கிறது என்று கேட்கலாம். நூறு வருடத்துக்கும் முன்னால் முன்னறையில் பியானோ இருந்தால்தான் அது கௌரவமான குடும்பம். ரேடியோ கிடையாது, பாட்டு வேண்டுமென்றால் வீட்டில் யாராவது வாசிக்க வேண்டும். தவணை முறையில் தொழிலாளி வீட்டுக்குக்கூட வந்தது. லண்டனில் கேம்டன் டவுன், கென்டிஷ் டவுன் பக்கம் தெருவுக்குத் தெரு பியானோ பட்டறைகள். உங்கள் பிரின்ஸ்மெட்டின் தொழிற்சாலையும் கென்டிஷ் டவுனில்தான் இருந்தது. அமெரிக்காவில் உச்சம் 1909. அந்த ஒரே வருடத்தில் 3,60,000-க்கு மேல் பியானோ செய்தார்கள். அப்புறம் கிராமபோன், ரேடியோ, தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாக வந்தன. யமஹா 1983-ல் கிளாவினோவா என்ற மின்பியானோவைக் கொண்டுவந்த பிறகு, அடுக்குமாடியில் ஹெட்போன் போட்டு வாசிக்கலாம், ஸ்ருதியும் சேர்க்க வேண்டாம் என்றாகிவிட்டது. இங்கிலாந்தின் கடைசிப் பெரிய தொழிற்சாலையான கெம்பிள் 2009-ல் உற்பத்தியை நிறுத்தியது. செய்த பியானோக்கள் மட்டும் போகவில்லை. வார்ப்பிரும்பும் கெட்டி மரமும் அவ்வளவு சுலபமாகச் சாகாது. உயிர் போன பிறகும் உடம்பு நிற்கும்.

வேண்டாத பியானோ புதுப் பிரச்சினையும் இல்லை. 1904-ல் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் பியானோ வியாபாரிகள் கூடி, பழைய சதுரப் பியானோக்களை மலையாகக் குவித்துக் கொளுத்தினார்கள். பழசு கிடைக்கிறவரை புதுசு விற்காது என்ற கடுப்பு. 1950, 60-களில் இங்கே பிரிட்டனில் திருவிழாக்களில் பியானோ உடைக்கும் போட்டி நடக்கும். கோஷ்டி கோஷ்டியாகச் சம்மட்டியால் அடித்து, துண்டுகளை ஒரு சின்ன ஓட்டை வழியாக யார் முதலில் தள்ளுகிறார்கள் என்று பந்தயம். உங்கள் கணவர் தனியாள் இல்லை.

சரி, உங்கள் பியானோவைப் பார்ப்போம். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பிரின்ஸ்மெட் நல்ல பெயர்தான், ஆனால் அந்தப் பெயர் பிற்பாடு வேறு கம்பெனிகளின் கைக்குப் போனது. பழைய பியானோக்களில் மூடியில் இருக்கும் பெயர் பல நேரம் செய்தவருடையதுகூட இல்லை, விற்ற கடையுடையது. உள்ளே பொறித்திருக்கும் எண்தான் வயதைச் சொல்லும்.

மேல் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தந்திகள் எல்லாம் ஏறக்குறைய நேராக மேலிருந்து கீழே போகின்றனவா, அல்லது தடித்த மந்தரத் தந்திகள் மற்றவற்றின் மேல் குறுக்காகப் போகின்றனவா? குறுக்கே போனால் நல்லது. நேராகப் போனால் பழைய கட்டுமானம். அடுத்து, தந்தியை அடிக்கும் சுத்தியல்களுக்கு முன்னால் மேலிருந்து கீழே வரிசையாகக் கம்பிகள் தொங்கி, கிளிக்கூண்டுக்குள் பார்ப்பது மாதிரி இருக்கிறதா? அதை நாங்கள் 'பேர்ட்கேஜ்' என்றே சொல்வோம். நாதத்தை அடக்கும் கம்பளிக் கட்டைகள் சுத்தியலுக்கு மேலே இருக்கும் வகை அது. தந்தி அதிகம் அதிர்கிற இடத்தை விட்டு ஓரத்தில் தொடுவதால் சரியாக அடங்காது. ஒரு ஸ்வரம் முடிந்த பிறகும் ரீங்காரம் நிற்கும். கூண்டும் நேர்த்தந்தியும் சேர்ந்திருந்தால் அதை எடுத்துக்கொள்ள ஆள் தேட வேண்டாம் என்பது என் கட்சி. சக தொழில்காரர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

இரும்புச் சட்டத்தையும் பாருங்கள். தந்திகளின் இழுப்பு மொத்தமாகக் கணக்குப் போட்டால் ஒரு பியானோவில் பதினைந்து இருபது டன் வரும். அதைத் தாங்கத்தான் வார்ப்பிரும்பு. சட்டம் மேலே பின்கள் இருக்கும் இடம்வரை முழுசாக ஏறியிருக்க வேண்டும். பாதியோடு நின்று, மேலே வெறும் மரம் தெரிந்தால் கஷ்டம். சட்டத்தில் விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, முடிந்தது கதை.

அப்புறம் ஒவ்வொரு கட்டையாக அழுத்துங்கள், 88-ஐயும். பழைய சிலவற்றில் 85 இருக்கும். ஹார்மோனியம் தெரிந்தவர் வீட்டில் யாராவது இருந்தால் அவர் காது போதும். இல்லையென்றால் போனில் ஸ்ருதி பார்க்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. நடுவிலுள்ள 'ஏ' 440 காட்ட வேண்டும். எல்லாக் கட்டையும் ஒரே சீராக இறங்கியிருந்தால், அரை ஸ்வரம் இறங்கியிருந்தாலும், பயமில்லை. பல வருடமாக யாரும் தொடவில்லை, அவ்வளவுதான். நடுவிலும் உச்சத்திலும் ஒரு கட்டைக்கு மூன்று தந்தி உண்டு. அந்த மூன்றும் ஆளுக்கொரு பக்கம் ஓடி, தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி கேட்டால், பின்கள் வழுக்குகின்றன என்று சந்தேகப்படுங்கள். இந்த ஊர் வீடுகளின் சென்ட்ரல் ஹீட்டிங் மரத்தை உலர்த்திச் சுருக்கிவிடும். பின் செருகிய பலகை சுருங்கினால் பிடிப்பு போய்விடும். கம்பளியில் அந்துப்பூச்சி, மரத்தில் குண்டூசித் துளைகள், அவற்றின் கீழே புதுசாக மாவு மாதிரி தூள் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகும் தீர்மானிக்க முடியவில்லை என்றால் ஒரு ட்யூனரைக் காசு கொடுத்து வரவழையுங்கள். பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்தக் காசு வீணில்லை. "ட்யூனர் பார்த்துவிட்டார், பின் இறுக்கமாக இருக்கிறது" என்ற ஒரு வரி விளம்பரத்தில் இருந்தால் பத்துப் படத்துக்குச் சமம்.

யாரிடம் போவது? நல்ல பியானோ என்றால் முதலில் பக்கத்திலிருக்கும் பியானோ டீச்சர்களுக்குப் போன் போடுங்கள். ஒவ்வொருவரிடமும் காகிதக் கீபோர்டிலும் நாற்பத்தொன்பது கட்டைப் பொம்மையிலும் பழகுகிற ஒரு பிள்ளையாவது இருக்கும். எந்தக் குடும்பத்துக்கு இடம் இருக்கிறது, எது ஆறு மாதத்தில் விட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். நான் பார்த்தவரை எந்த இணையதளத்தையும்விட இந்தத் தரகர்கள்தான் உத்தமம். அடுத்தது சின்னச் சர்ச்சுகள், வாடகை மண்டபத்தில் கூடும் சபைகள். இந்த ஊர்த் தமிழ்ச் சபைகளில் கீர்த்தனைக்கும் பாமாலைக்கும் பியானோ வாசிக்கும் பையன்கள் இருக்கிறார்கள், கருவிதான் இல்லை. ஆனால் மண்டபம் யாருடையது, பியானோ அங்கேயே இருக்க உரிமையாளர் ஒப்புக்கொள்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முதியோர் இல்லங்களும் கேட்கலாம். பள்ளிக்கூடங்களை நம்பி நேரத்தை வீணடிக்காதீர்கள். அவர்களிடமே இரண்டு நிற்கும், ஸ்ருதி சேர்க்கப் பணம் இருக்காது.

முழுசாகச் சரியில்லாத பியானோவுக்கும் சில வழிகள் உண்டு. ட்யூனிங் படிக்கும் மாணவர்களுக்குக் கெட்ட பியானோதான் பாடப்புத்தகம். நாடகக் குழுவுக்கு மேடையில் நிற்க ஒன்று வேண்டியிருக்கும், சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை. எடின்பரோவில் பியானோட்ரோம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கைவிடப்பட்ட ஐம்பதுக்கு மேற்பட்ட பியானோக்களைக் கழற்றி, அவற்றின் பலகைகளாலேயே நூறு பேர் உட்காரும் வட்ட அரங்கம் ஒன்றை 2018-ல் கட்டினார்கள். வாசிக்கக்கூடியவற்றை வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கவும் செய்கிறார்கள். தெருவில் பியானோ வைக்கிற பழக்கமும் உண்டு. லூக் ஜெரம் என்ற கலைஞர் 2008-ல் பர்மிங்காமில் பதினைந்து பியானோக்களைப் பொது இடங்களில் வைத்து ஆரம்பித்தது, பிறகு உலகம் பூராவும் பரவியது. செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தில் எல்டன் ஜான் 2016-ல் வாசித்துவிட்டு அந்த யமஹாவையே பரிசாக விட்டுப் போனார். அதனால் நம் பழசையும் ஸ்டேஷனில் வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நாள் முழுக்க ஆயிரம் கை படுகிற இடத்துக்கு உறுதியான கருவி வேண்டும், நூறு வயதுக் கிழவர் தாங்க மாட்டார்.

ஊருக்கு அனுப்பலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். முதல் காரணம் தந்தம். பிரின்ஸ்மெட் வயதுள்ள பியானோவில் வெள்ளைக் கட்டைகளின் மேல்தகடு யானைத் தந்தமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கறுப்புக் கட்டைகள் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலும் மயிரிழை போல ஒட்டு தெரிந்தால், மர வரி போல ஒழுங்கில்லாத ரேகை ஓடினால், அது தந்தம். தந்தத்தோடு எல்லை தாண்ட அனுமதிப் பத்திரங்கள் வேண்டும், இந்தியாவுக்குள் தந்தம் இறக்குமதிக்குத் தடை. இந்த நாட்டுக்குள்ளேயே 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டத்தின்படி, அப்படிப்பட்ட பியானோவை விற்பதென்றால் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். 1975-க்கு முன் செய்த, இருபது சதவீதத்துக்கும் குறைவாகத் தந்தம் உள்ள வாத்தியங்களுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் பதிவு செய்தால்தான். சும்மா கொடுப்பதற்குப் பதிவு தேவையில்லை. ஐம்பது பவுண்டாவது வாங்கலாமே என்று கை அரித்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் காற்று. சூடேற்றிய அறையில் நூறு வருடம் உலர்ந்த மரத்தைச் சென்னைப் புழுக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் கட்டைகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தந்தி துருப்பிடிக்கும், மிருகத் தோலில் காய்ச்சிய பசை இளகும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்திலேயே கம்பெனிகள் நம் பக்கத்து வெப்பத்துக்கென்று பசையை நம்பாமல் பித்தளைத் திருகாணி போட்டுத் தனி மாடல் செய்தன. மவுண்ட் ரோட்டில் மியூஸி மியூஸிக்கல் என்ற வாத்தியக் கடை 1842-லிருந்து இருக்கிறது. மெட்ராஸுக்குப் பியானோ புதுசில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கேயும் கிளம்பியபோது பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் விட்டுவந்த பியானோக்களின் கதையும் நீங்கள் இப்போது கேட்கிற கேள்விதான். ஊர்ப் பள்ளிக்கு உதவ ஆசை என்றால் கப்பல் கூலியை அனுப்புங்கள். நல்ல மின்பியானோ ஒன்றை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. இது வாங்கப்போகிறவர்களுக்கு. "காலஞ்சென்ற கணவரின் யமஹா பேபி கிராண்ட், இசையை நேசிப்பவருக்கு இலவசமாகத் தருகிறேன், வண்டிக் கம்பெனிக்கு மட்டும் பணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி. கணவரும் இல்லை, பியானோவும் இல்லை, வண்டியும் இல்லை. கண்ணால் பார்த்து, கட்டையை அழுத்திப் பார்க்காமல் ஒரு பென்னிகூட அனுப்பக் கூடாது.

கடைசியில் உடைக்கத்தான் வேண்டும் என்றால்? வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சம்மட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போகாதீர்கள். தந்திகளில் அத்தனை டன் இழுப்பு இருக்கிறது, அறுந்தால் முகத்தில் அடிக்கும். தெரிந்தவர் ஒவ்வொரு பின்னாகத் தளர்த்தி, இழுப்பை ஒரே பக்கம் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். நான் செய்யும்போது முதலில் கட்டைகளை எடுத்துவிடுவேன். கட்டைக்கு அடியில் இருக்கும் பலகையில் ஒரு குடும்பத்தின் சரித்திரமே கிடக்கும். குட்டைப் பென்சில், ஹேர்பின், பால் பல் மாதிரி ஏதோ, பத்துப் பதினைந்து பழைய பென்னி. ஒரு தடவை அடியில் மடித்து வைத்த காகிதத்தில் குழந்தைக் கையெழுத்தில் 'இன்று வாசித்தது: எட்டு தடவை' என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஏழுக்கு மேல் வாசித்திருக்க மாட்டாள் என்றுதான் தோன்றியது. சட்டத்தை இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். பக்கவாட்டுப் பலகைகள் தச்சு வேலை தெரிந்தவருக்குப் பொன். கட்டைகளுக்குள் எடைக்காக ஈயக் குண்டுகள் பதித்திருக்கலாம், அதனால் அடுப்பிலோ தோட்டத்திலோ எரிக்காதீர்கள். ஒரு கட்டையையும் ஒரு சுத்தியலையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆயுத பூஜைக்கு வைத்துப் பொட்டு வைக்கலாம். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். ஸ்ருதி சேராத பியானோவில் பிள்ளையை உட்கார வைத்தால்தான் கோபிப்பாள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: மேல் மூடியைப் பின்னால் மடக்குங்கள். உள்ளே இரண்டு ஓரத்திலும் மரத்தாலோ பித்தளையாலோ ஒரு சின்னத் தாழ் இருக்கும். இரண்டையும் திருப்பினால் முன்பலகை உங்கள் பக்கம் சாயும். மெழுகுவர்த்தி செருகும் பித்தளைத் தண்டுகள் இருந்தால் எதிர்பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும், கணவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். பின் வரிசை, சுத்தியல் வரிசை, உள்ளே இருக்கும் எண், இந்த மூன்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை சம்மட்டி வாங்க வேண்டாம்.